பூனையை அதட்டுவதற்கு முன்



வில்லியனூர் கொம்யூனில் நாங்கள் பாடம் நடத்தும் மத்ரஸாவுக்கு மூன்று ஆண்டுகளாக ஒரு கடுவன் பூனை வந்துகொண்டிருக்கிறது. சாம்பல் நிறம், வாலில் கறுப்பு வளையங்கள். பிள்ளைகள் அதற்குச் ‘சாம்பல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அஸருக்குப் பிறகு வகுப்பு தொடங்கினால், ரைஹால்கள் அடுக்கிய அலமாரிக்குக் கீழே வந்து படுத்துக்கொள்ளும். மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் எழுந்து போய்விடும். சுற்றிலும் நெல் வயல்களும் கரும்புத் தோட்டங்களும் உள்ள ஊர் ஆதலால் எலித் தொல்லைக்குக் குறைவில்லை. கிதாபுகளைக் கடிக்கும் எலிகள் அது வந்த பிறகு குறைந்தன. எனவே அதை எவரும் விரட்டியதில்லை.

சென்ற மழைக்காலம் முடிந்தபின் ஒருநாள் தொழுகைப் பாயில் அது சிறுநீர் கழித்துவிட்டது. பாயைக் கழுவிப் போட்டோம். மூன்றாம் நாள் மறுபடியும். அதன்பின் ஏறக்குறைய தினமும். நஜீஸ் விஷயம் ஆயிற்றே என்ற பதற்றத்தில் பிரம்பை எடுத்துத் தரையில் ஓங்கி அடித்தோம், கத்தினோம், ஒருமுறை ஒரு செம்புத் தண்ணீரை அதன்மீது வீசினோம். பலன் என்ன தெரியுமா? எங்கள் கண் முன்னால் அது சிறுநீர் கழிப்பதை விட்டுவிட்டது. அலமாரிக்குப் பின்புறம், எவர் கண்ணுக்கும் படாத மூலையில் கழிக்கத் தொடங்கியது. அந்த மூலையை நாங்கள் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆனது.

ஜமாஅத் பெரியவர் ஒருவர் யோசனை சொன்னார்: “சாக்குல போட்டுப் பாகூர் ஏரிக்கரையில விட்டுட்டு வந்துடலாம், அஜ்ரத். ஆத்தைத் தாண்டி விட்டா திரும்பி வராது.” சங்கராபரணிக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டால் பூனைக்கு வழி தெரியாது என்பது எங்கள் பகுதியில் பழைய நம்பிக்கை. நாங்களும் சரி என்றோம். மறைப்பதற்கில்லை, சரி என்றுதான் சொன்னோம்.

அதைத் தடுத்தவள் ஒன்பது வயது மாணவி. “அஜ்ரத், அது வேணும்னு செய்யல. உக்காந்து உக்காந்து பாக்குது, ஒரு சொட்டுதான் வருது. அதுக்கு வலிக்குது” என்றாள். நாங்கள் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் பூனையைப் பார்த்திருக்கிறாள். மூங்கில் கூடையில் போட்டுத் துண்டால் மூடி, இருசக்கர வண்டியில் குரும்பாபேட்டிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார் மருத்துவர். கடுவன் பூனைக்கு அந்தப் பாதை மிகக் குறுகலானது. முழுவதும் அடைத்துவிட்டால் இரண்டு மூன்று நாட்களில் உயிர் போய்விடுமாம். குழாய் செலுத்தி அடைப்பை நீக்கினார்கள். நோயாளியைத்தான் நாங்கள் ஒரு மாதமாகப் பிரம்பு காட்டி அதட்டிக்கொண்டிருந்தோம்.

இதில் எங்களை அதிகம் வெட்கப்பட வைத்தது வேறொன்று. அதே மாதத்தில், அதே அறையில், பிள்ளைகளுக்கு நாங்கள் நடத்திய பாடம் எது என்று நினைக்கிறீர்கள்? பள்ளிவாசலுக்குள் சிறுநீர் கழித்த கிராமவாசியைப் பற்றிய ஹதீஸ். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான, நாம் எல்லோரும் பலமுறை பயானில் கேட்ட சம்பவம். தோழர்கள் அவரைத் தடுக்க எழுந்தார்கள். நபி (ஸல்) அவர்களோ அவரை இடைமறிக்க வேண்டாம் என்று தடுத்துவிட்டு, அவர் முடிக்கும்வரை விட்டுவைத்தார்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரை அவ்விடத்தில் ஊற்றச் சொன்னார்கள். அதன்பின் அவரை அழைத்து, பள்ளிவாசல் எதற்கான இடம் என்பதை இதமாக எடுத்துச் சொன்னார்கள். இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் அவரைப் பதற விடவில்லை. அடுத்து அசுத்தத்தை நீக்கினார்கள். கற்பித்தல் கடைசியில் வந்தது. நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்திருந்தோம். ‘கற்பித்தலை’ முதலில் வைத்தோம், அதையும் பிரம்பால்.

அவர் மனிதர், பூனை மிருகம், இரண்டும் ஒன்றா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மனிதருக்கு விளக்கிச் சொன்னால் புரியும், பூனைக்குப் புரியாது. ஆனால் அதட்டாமல் இருப்பதற்கு இது இன்னும் பெரிய காரணமல்லவா? பாயில் சிறுநீர் கழித்து ஒரு மணி நேரம் கழித்து நாம் கத்தினால், அந்தக் கத்தலையும் பழைய செயலையும் சேர்த்துப் பார்க்கப் பூனைக்குத் தெரியாது. அது கற்றுக்கொள்வது, ‘இந்த மனிதர் வந்தால் ஆபத்து’ என்பதை மட்டுமே. ‘தப்புப் பண்ணிட்டு முழிக்குது பாரு’ என்று நாம் சொல்கிறோமே, அந்தக் குற்ற உணர்வையும் நாம்தான் அதன் முகத்தில் ஏற்றி வைக்கிறோம். நாய்களை வைத்து அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. தவறே செய்யாத நாயும், எஜமானர் அதட்டினால் அதே ‘குற்றவாளி’ முகத்தைக் காட்டியது. அந்த முகம் அதட்டலுக்கான பதில். மனசாட்சியின் உறுத்தல் என்று எடுத்துக்கொள்ள இடமில்லை. பூனையை வேறு விதமாக நினைக்க எங்களுக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

பூனைக்கு உணர்வுகள் உண்டா என்பதில் முஸ்லிமுக்குச் சந்தேகம் வர வாய்ப்பே இல்லை. பூமியில் ஊர்வனவும் சிறகடித்துப் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தை அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனத்தில் ஓதி வருகிறோம். அன்ஸாரி ஒருவரின் தோட்டத்துக்குள் நபியவர்கள் நுழைந்தபோது அங்கிருந்த ஒட்டகம் கண்ணீர் வடித்ததையும், அவர்கள் அதன் காதுகளுக்குப் பின்னால் தடவிக் கொடுத்து அமைதிப்படுத்தியதையும், பின்னர் உரிமையாளரான இளைஞரை அழைத்து, அது பட்டினியையும் ஓயாத வேலையையும் முறையிடுகிறது என்று கண்டித்ததையும் அபூதாவூதில் காண்கிறோம். அங்கே கண்டிக்கப்பட்டவர் யார்? ஒட்டகம் அன்று.

அந்த ஒட்டகத்தின் முறையீட்டை நபியவர்கள் விளங்கிக்கொண்டது அல்லாஹ் அவர்களுக்கு வழங்கிய சிறப்பு. நமக்கு அந்தச் சிறப்பு இல்லை; கண்கள் இருக்கின்றன. அந்தச் சிறுமிக்கு இருந்ததைப் போல.

பூனையின் வாலைப் பாருங்கள். செங்குத்தாக நிமிர்ந்து, நுனி மட்டும் சற்றே வளைந்திருந்தால் அது ஸலாம் சொல்வதைப் போன்றது, நட்போடு வருகிறது. வாலை இப்படியும் அப்படியும் வேகமாக அடித்தால், நாயைப் போல மகிழ்ச்சியில் ஆட்டுகிறது என்று எண்ணி மடியில் தூக்காதீர்கள், எரிச்சலில் இருக்கிறது. காதுகள் பக்கவாட்டில் திரும்பித் தலையோடு படிந்தால் பயம் அல்லது கோபம். வெளிச்சம் குறையாதபோதே கண்மணி அகல விரிந்தாலும் பெரும்பாலும் அதுதான். தொண்டைக்குள் கரகரவென்று ஒலி எழுப்புவது எப்போதும் இன்பத்தின் அடையாளம் என்று நினைத்திருந்தோம். வலியிலும் அப்படி ஒலி எழுப்பும் என்பதைச் சாம்பலின் கூடையைத் தூக்கிச் சென்ற அன்று தெரிந்துகொண்டோம். வழியெல்லாம் அந்த ஒலி கேட்டுக்கொண்டே வந்தது. ‘பரவாயில்லை, நிம்மதியாக இருக்கிறது’ என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

இன்னொன்று: வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் ‘மியாவ்’ என்று பேசிக்கொள்வது மிக அரிது. குட்டி தன் தாயிடம் எழுப்பும் அந்தக் குரலை, வளர்ந்த பிறகும் பூனை மனிதரிடம் பயன்படுத்துகிறது. நம்மிடம் எதையோ கேட்கிறது என்பதே அதன் பொருள். பூனை நம்மைப் பார்த்து மெல்லக் கண்களை மூடித் திறந்தால் அது அச்சமின்மையின் அடையாளம். நாமும் அவ்வாறே மெல்ல மூடித் திறந்தால் பூனை நம்மை நெருங்கி வரும் வாய்ப்பு கூடுகிறது என்று இங்கிலாந்தின் சசெக்ஸ், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டிருக்கிறார்கள். காசு செலவில்லாத காரியம், செய்து பாருங்கள்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். நம் வீட்டுப் பெண்கள் பூனைமீது சொல்லும் முதல் புகார் மீன் திருட்டு. காலையில் தெருவில் மீன்காரம்மா வந்து போனதும் பூனை சமையலறை வாசலில் நிற்கும். அம்மா திரும்பிப் பார்க்கும் நேரத்தில் இரண்டு மத்தியைக் காணோம். உடனே கரண்டி பறக்கிறது. ‘திருட்டு’ என்பது நம்முடைய சொல். பூனைக்குச் சொத்துரிமை தெரியாது, பசி தெரியும். தயிர்ச் சோறும் பால் சோறும் போட்டு வளர்க்கும் வீடுகளில்தான் இந்தப் புகார் அதிகம். பூனை புலால் உண்ணியாகவே படைக்கப்பட்டது. ‘டாரின்’ என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் அதற்குக் கிடைக்கும். அது இல்லாவிட்டால் பூனைக்குக் கண் பார்வையும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிப்பதில்லை. வயிறு நிறையச் சோறு வைத்தோமே என்கிறோம். அதற்குத் தேவையானதை வைக்கவில்லை. மீன் கழுவும்போது ஒதுக்கும் தலையையும் வாலையும், மசாலா சேர்க்காமல் வேகவைத்து முள் நீக்கி, குறித்த நேரத்தில் ஓர் ஓரத்தில் வைத்துப் பாருங்கள்.

மற்றொரு வழியை நம் பாட்டிமார்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பாகூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் உத்தரத்திலிருந்து உறி தொங்கும். பாலும் தயிரும் கருவாடும் அதில் இருக்கும். பூனை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அதட்டலும் இல்லை, அடியும் இல்லை; பொருளின் இடத்தை மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். இன்று உறி இல்லை. மூடி போட்ட பாத்திரமும் குளிர்சாதனப் பெட்டியும் இருக்கின்றன. மூடி போடாதது நம் தவறு, அடி வாங்குவது பூனை.

கதவையும் சோபாவையும் பிறாண்டுவதும் இப்படித்தான். நகத்தின் பழைய உறையைக் கழற்றவும், பாதத்திலுள்ள சுரப்பியின் மணத்தைப் பதித்து ‘இது என் இடம்’ என்று சொல்லவும் பூனை பிறாண்டுகிறது. அதை நிறுத்த முடியாது, வேறிடத்துக்கு மாற்றலாம். ஒரு மரக்கட்டையில் தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, அது வழக்கமாகப் பிறாண்டும் இடத்தின் அருகிலேயே ஆடாமல் நிறுத்துங்கள். அங்கே பிறாண்டும்போது ஒரு துண்டு மீன் கொடுங்கள். சில நாட்களில் பழகிவிடும், இன்ஷா அல்லாஹ்.

கையைக் கடிக்கிறது என்பார்கள். குட்டியாக இருக்கும்போது கை விரலை ஆட்டி விளையாடப் பழக்கியவர்கள் நாம்தான். கயிறும் துணியும் இருக்கும்போது விரல் எதற்கு? ஆனால் கடித்துவிட்டாலோ கீறி இரத்தம் வந்துவிட்டாலோ அலட்சியம் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேட்டுவிடுங்கள். மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள்.

சிறுநீர் விஷயத்தில் மார்க்கச் சட்டத்தையும் குழப்பிக்கொள்கிறோம். பூனை வாய் வைத்த தண்ணீர் வேறு, அதன் சிறுநீர் வேறு. அபூகதாதா (ரலி) அவர்கள், தமக்கு உளூச் செய்யத் தண்ணீர் ஊற்றிய கப்ஷா (ரஹ்) அவர்களின் கண்ணெதிரிலேயே, குடிக்க வந்த பூனைக்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். அது நஜீஸ் அல்ல, நம்மைச் சுற்றி வரும் உயிரினங்களில் ஒன்று என்று நபியவர்கள் கூறியதையும் எடுத்துரைத்தார்கள். சிறுநீர் நஜீஸ்தான், அதற்குத் தண்ணீர் இருக்கிறது. ஈரத்தை முதலில் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவி நல்ல வெயிலில் காயவிடுங்கள். வாசனை மிச்சமிருந்தால் பூனை அதே இடத்துக்குத் திரும்பி வரும். அம்மோனியா கலந்த திரவங்கள் பூனைக்குச் சிறுநீர் போலவே மணக்கும், எனவே அவை வேண்டாம். பினாயிலும் வேண்டாம். ஃபீனால் வகைப் பொருட்களைப் பூனையின் ஈரலால் முறிக்க இயலாது. பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே அதற்கு நஞ்சு. நாங்கள் அந்த ஒரு மாதமும் பினாயிலைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம். மருத்துவர் சொன்னபோது தலை குனிந்தோம்.

இடம் தவறிச் சிறுநீர் கழிக்கும் பூனையைப் பார்த்தால் முதல் சந்தேகம் நோயாகத்தான் இருக்க வேண்டும். நோய் இல்லையென்றால் அச்சம்: புதிதாக வந்த பூனை, வீட்டில் கட்டட வேலை, பட்டாசுச் சத்தம், இடம் மாறிய சாமான்கள். வாலை நடுக்கியபடி சுவரில் பீய்ச்சினால் அது கடுவனின் எல்லைக் குறி. கருத்தடை செய்தால் பெரும்பாலும் அது குறையும். அதன் மார்க்க நிலை குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதால், அவரவர் நம்பும் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பள்ளிவாசலிலும் மத்ரஸாவிலும் பூனையைத் தடையின்றி உலவவிட வேண்டும் என்று நாங்கள் சொல்லவரவில்லை. மென்மை என்றால் கட்டுப்பாடே இல்லாமை என்று பொருளாகாது. உள்பள்ளிக் கதவைச் சாத்துங்கள்; ஜன்னலுக்கு வலை அடியுங்கள்; வெளியே ஒரு மூலையில் மணல் நிரப்பிய பெட்டி வையுங்கள், தினமும் அள்ளி எறியுங்கள். அதே நேரம், 2023 ரமளானில் அல்ஜீரியாவின் போர்ஜ் பூ அரெரீஜ் நகரில் இமாம் வலீத் மெஹ்ஸாஸ் தராவீஹ் தொழுவித்துக்கொண்டிருந்தபோது அவர்மீது பூனை தாவி ஏறியதை உலகமே பார்த்தது. அவர் ஓதுவதை நிறுத்தவில்லை. கையால் மெதுவாகத் தாங்கிக்கொண்டார். அது தோளில் ஏறி முகத்தை உரசிவிட்டு இறங்கிப் போனது. அந்தக் காணொளியை நாம் எல்லோரும் மாஷா அல்லாஹ் சொல்லிப் பகிர்ந்தோம். மறுநாள் நம் பள்ளிவாசல் வராந்தாவில் படுத்திருந்த பூனையைத் துடைப்பத்தால் விரட்டினோம்.

இடையில் ஒரு திருத்தம். நபியவர்கள் தூங்கும் பூனையை எழுப்பாமலிருக்க ஆடையின் கையை வெட்டினார்கள் என்ற ‘முயிஸ்ஸா’ கதையை ஆண்டுதோறும் பகிர்கிறார்கள். அதற்கு ஆதாரபூர்வமான ஹதீஸ் இல்லை. உறுதியான ஹதீஸ்களே போதுமானவை. பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானே இரை தேடிக்கொள்ளவும் விடாத பெண்ணின் நிலையைப் படித்த பிறகுமா நமக்குக் கதைகள் தேவைப்படுகின்றன?

சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விடும் வழக்கத்தைப் பற்றியும் அந்த ஹதீஸை நினைத்துக்கொண்டே எழுதுகிறோம். வீட்டில் வளர்ந்த பூனைக்குப் புதிய இடத்தில் இரை எங்கே, தண்ணீர் எங்கே, ஒளியுமிடம் எங்கே என்று எதுவும் தெரியாது, அந்த இடம் ஏற்கெனவே வேறொரு பூனையின் எல்லையாக இருக்கும், நாய்களும் இருக்கும். குட்டிகளைக் கண் திறக்கும் முன்பே சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வருகிறவர்களும் நம்மில் உண்டு. தாய்ப் பூனை இரவெல்லாம் வீட்டைச் சுற்றிக் கத்தும்போது, ‘என்ன சத்தம், விரட்டு’ என்கிறார்கள். பயணத்தில் குஞ்சுகளைப் பறிகொடுத்த சிறு பறவையொன்று சிறகடித்துத் தவித்ததைக் கண்ட நபியவர்கள், அதைத் துயரப்படுத்தியது யார் என்று கேட்டு, குஞ்சுகளைத் திருப்பித் தரச் சொன்னார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் இச்செய்தியும் அபூதாவூதில்தான் இருக்கிறது.

ஆசிரியர்களான எங்களுக்குள் இச்சம்பவம் வேறொரு பேச்சையும் கிளப்பியது. அலமாரிக்குப் பின்னால் போய்க் கழித்த பூனையைப் போலவே, பிரம்புக்குப் பயந்த பிள்ளைகளும் செய்கிறார்கள். பாடம் வராத இடத்தை உரக்க ஓதாமல் முணுமுணுத்துக் கடந்துவிடுகிறார்கள். எங்களுக்குப் பிழை கேட்பதில்லை. திருந்திவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம். அனஸ் (ரலி) அவர்கள் சிறுவயதிலிருந்து பத்தாண்டுகள் நபியவர்களுக்குப் பணிவிடை செய்தும், ‘ச்சீ’ என்ற ஒரு சொல்லைக்கூடக் கேட்டதில்லை என்பதை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் நாங்கள். பிரம்பை இப்போது ஜன்னல் திரைக்குக் கம்பியாகச் செருகியிருக்கிறோம்.

சாம்பல் பிழைத்துக்கொண்டது, அல்ஹம்துலில்லாஹ். தண்ணீர் அதிகம் குடிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால் மூன்று இடங்களில் கிண்ணம் வைத்திருக்கிறோம். மணல் பெட்டிக்கு மணல் கொண்டுவந்து தந்தவர், அன்று சாக்கு எடுத்துவந்த அதே பெரியவர். பாயில் அது மறுபடி சிறுநீர் கழிக்கவில்லை. அஸருக்குப் பிறகு வருகிறது, அந்தச் சிறுமியின் அருகில் படுக்கிறது. எங்களைக் கடக்க வேண்டியிருந்தால் மட்டும் காதுகளைப் படியவைத்துக்கொண்டு சுவரோரமாகச் சுற்றிப் போகிறது. ஐந்து மாதங்களாகியும் அது மாறவில்லை. தினமும் நாங்கள் இருந்த இடத்திலிருந்தே கண்களை மெல்ல மூடித் திறந்து பார்க்கிறோம்.